கிளிஞ்சல் தூளும் இரும்பு மாத்திரையும்

இன்று காலை சமையலறையில் அம்மாவும் அக்காவும் நானும் இருந்தோம். அப்பா பண்ணைக்குப் போய்விட்டார். மாசமாக இருக்கும் அக்கா இரும்புச்சத்து மாத்திரையைப் பிரித்தாள். அந்தத் துரு வாசம் என்னைப் புதுச்சத்திரத்தில் எங்கள் கோழிப்பண்ணையின் பழைய நாட்களுக்கே கொண்டுபோய்விட்டது.

அப்போது அக்கா ஆறாம் வகுப்பு. செங்கல்லைச் சுரண்டித் தின்பாள். முகம் வெளுத்து, நடந்தாலே மூச்சு வாங்கும். கூண்டுக்கோழி முட்டை ஓட்டைக் கொத்தினால் சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்பது அப்பாவுக்குத் தெரியும். அதே வைத்தியத்தை அக்காவுக்கும் செய்தார். தீவனத்தில் போடும் கிளிஞ்சலை இடித்து மோரில் கலக்கிக் கொடுத்தார்.

"ஏனுங்கப்பா, நான் என்ன முட்டையா போடப்போறேன்?"

"குடி சாமி. ஓடு கெட்டியாகும்."

ஒருநாள் பள்ளியில் மயங்கி விழுந்தாள். அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அப்பா செங்கல்லையும் கிளிஞ்சல் மோரையும் பற்றிச் சொன்னார். நர்சம்மா அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"ரத்தத்துல இரும்புச்சத்து பத்தலீங்க. அதனாலதான் செங்கல்லு திங்கத் தோணுது. சுண்ணாம்பு கூடவே போனா, திங்கிற இரும்பும் உடம்புல சேராதுங்க."

அப்பா யோசித்தார். "ஏனுங்க, சத்துக்குள்ளயும் சண்டைங்களா?"

"ஆமாங்க. இந்த இரும்பு மாத்திரையைத் தனியாக் குடுங்க, மோரை வேற நேரத்துல குடுங்க."

மாத்திரை இலவசம். சில மாதங்களில் அக்கா செங்கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்களுக்கு ஆன மொத்தச் செலவு, போக வர பஸ்ஸுக்குப் பதினெட்டு ரூபாய்.