மீன் பார்க்கப் போன நாள்

கிங்ஸ் சர்க்கிளில் பூக்காரம்மா நெருக்கிக் கட்டிய கனகாம்பரத்தை முழம் போட்டுக் கொடுத்தது இன்றும் கண்முன் நிற்கிறது. அம்மா அதை அக்காவின் பின்னலில் வைத்து, இரண்டு ஊசி குத்தி, எட்ட நின்று பார்த்தாள். எனக்கு வாங்கவில்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "ஏட்டி, ஒனக்கு நாளைக்கு வாங்கித் தாரேன். இன்னைக்கு அவ தலைல மட்டுந்தான் பூ இருக்கணும்" என்றாள் அம்மா. காரணம் எனக்கும் தெரியும். அன்று அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

பெண் பார்க்க ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று கேட்பீர்கள். தாராவியில் எங்களுக்கு இருந்தது பத்துக்குப் பத்து அறை ஒன்று. வாசலில் இரண்டு ஜோடி புதுச் செருப்பு கிடந்தாலே போதும், வரிசை முழுக்கக் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்கும். அக்காவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. இரண்டு வீட்டார் வந்து, பஜ்ஜியை ஒன்று விடாமல் தின்றுவிட்டு, வேண்டாமென்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு வீட்டார் போட்டோவைக்கூடத் திருப்பித் தரவில்லை. மூன்றாவதும் தட்டிப்போனால் பெண்ணுக்கு ஏதோ குறை என்று பெயர் நின்றுவிடும் என்று அப்பா வீட்டில் குதித்துக்கொண்டிருந்தார். அதனால் இந்த ஏற்பாடு. கடற்கரைச் சாலையில் அப்போதிருந்த மீன்காட்சி சாலைக்கு இரு வீட்டாரும் எதேச்சையாக வந்ததுபோல வருவது. பிடித்திருந்தால் மாப்பிள்ளை வீட்டார் மாலையில் திலக் நகர் அத்தை வீட்டுக்கு வருவார்கள். நாங்களும் அங்கே போவோம். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை. அத்தை என்பது உறவால் அல்ல, அம்மாவின் ஊர்க்காரி, சிநேகிதி. வரன் பேசியவளும் அவள்தான்.

பட்டுடுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று தீபாவளிக்கு எடுத்த சுடிதாரையே போட்டிருந்தோம். எனக்கும் அக்காவுக்கும் ஒரே துணியில் தைத்தது. உயரமும் ஏறக்குறைய ஒன்று. இன்னொரு போட்டோ கொடுக்க அம்மாவுக்கு மனசில்லை. ஆகவே "கனகாம்பரம் வச்சிருக்கவதான் பொண்ணு" என்று அத்தை மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

உள்ளே இருட்டாக இருந்தது. தொட்டிகளில் மட்டும் வெளிச்சம். ஏசியின் குளிரோடு பாசி நாற்றமும் கலந்து வந்தது. அம்மா வேண்டுமென்றே ஆமைத் தொட்டிப் பக்கம் ஒதுங்கிக்கொண்டு எங்களை முன்னே போகச் சொன்னாள். "யாராவது பாத்தா நீங்க பாக்காதீங்க. மீன மட்டும் பாருங்க." நான் சும்மா இருப்பேனா? விலாங்கு மீன் வாயைத் திறந்து திறந்து மூடியபோது, "ஒன் மாமியார் வந்துட்டாவக்கா" என்று காதில் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. எங்களுக்கு இரண்டு தொட்டி தள்ளி ஓர் அம்மாவும் மகனும் நின்றிருந்தார்கள். கூட்டம் முழுக்க மீனைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் மட்டும் பெண்களின் தலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் மகனைப் பார்த்தேன். நீலச் சட்டை, நல்ல உயரம், படிய வாரிய தலை. பரவாயில்லையே, அக்கா கொடுத்து வைத்தவள் என்று நினைத்தேன்.

அக்கா என் கையைப் பிடித்து ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. "பூ வாசத்துக்குத் தலைய வலிக்கி. நீ வச்சுக்கோ" என்று சொல்லி, ஊசியை உருவி, சரத்தை என் பின்னலில் வைத்தாள். நீதானே பெண் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காலையிலிருந்து அந்தப் பூவுக்கு ஏங்கிக்கொண்டிருந்தவள் நான். கனகாம்பரத்துக்கு வாசனையே கிடையாது என்பது எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் தெரியும். அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

வெளியே வெயிலுக்கு வந்ததும் அம்மா என் தலையைப் பார்த்துவிட்டாள். முகம் வெளுத்துப்போயிற்று. அக்கா அதே தலைவலியைச் சொன்னாள். அம்மா நடுரோட்டில் சத்தம் போட முடியாமல் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டாள். பஸ்ஸிலும், பிறகு ஹார்பர் லைன் ரயிலிலுமாகப் போனோம். திலக் நகரில் அத்தை வீட்டுக் கதவைத் திறந்தபோது அந்த அம்மாவும் மகனும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். உட்காரக்கூட விடவில்லை. அந்த அம்மா நேராக என்னிடம் எழுந்து வந்து, சின்னக் கிண்ணத்திலிருந்து சீனியை எடுத்து என் வாயில் போட்டாள். எங்கள் வீடுகளில் வாயில் சீனி விழுந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்குப்பின் இவள் இல்லை, அவள் என்று சொல்வது வந்தவர்களை அவமானப்படுத்துவது. மாப்பிள்ளைக்கோ நிரந்தர வேலை, சொந்த வீடு.

அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். அத்தை கண்ணால் எச்சரித்தாள். அப்போது அக்காதான் பேசினாள். "அவியளுக்குப் பிடிச்சிருக்குல்லா, அவளுக்கே முடிங்கம்மா. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல." என்ன பெரிய மனசு என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தங்கைக்கு வழிவிட்ட அக்கா என்று தாராவி முழுக்கப் பேச்சாயிற்று. எனக்குப் பெருமையாகவும், உள்ளுக்குள் கொஞ்சம் வெற்றியாகவும் இருந்தது. அதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை.

கல்யாணமாகி ஒன்பதாம் நாள் முதல் அடி விழுந்தது. சாம்பாரில் உப்புக் கூடிவிட்டதாம். அதற்குப் பிறகு காரணம்கூடத் தேவைப்படவில்லை. இருபத்திரண்டு வருடம் அந்த வீட்டில் இருந்தேன். அக்கா இரண்டு வருடம் கழித்து மாட்டுங்காவில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு சாதுவான மனிதரைக் கட்டிக்கொண்டாள். வாரம் தவறாமல் தூக்குச்சட்டியில் குழம்போடு வருவாள். வீங்கிய இடத்தில் மஞ்சள் பற்றுப் போடுவாள். எதுவும் கேட்க மாட்டாள். என் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. மூன்று வருடம் முன்பு நான் மகளோடு வெளியேறியபோது ஆட்டோவுடன் தெருமுனையில் காத்திருந்ததும் அவள்தான். எனக்குத் தெய்வம் அக்கா உருவில் வந்தது என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

சென்ற மாதம் செம்பூரிலிருந்து என் மகளைப் பெண் கேட்டார்கள். முதலில் தான் மட்டும் போய்ப் பார்த்து வருவதாக அக்கா பிடிவாதம் பிடித்தாள். திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பையன் நல்லவன்தான். அவன் அம்மா ரெண்டு கையவும் நல்லாப் பாத்துட்டேன். ஒரு தழும்பு இல்ல" என்றாள்.

"கைய எதுக்குப் பாத்த?" என்று கேட்டேன்.

அக்கா சுவரோரம் உட்கார்ந்தாள். நான் மறுபடி கேட்டேன். தரையைப் பார்த்தபடி சொன்னாள். "அன்னைக்கு ஒன் மாமியார் மீனக் காட்டுற மாதிரி கையத் தூக்குனா. சேலை விலகிட்டு. முழங்கை வரைக்கும் கன்னிப்போயிருந்துச்சு. மகங்காரன் ஒரு பார்வை பாத்தான், சட்டுனு மூடிக்கிட்டா. மூணாவது வரன நானே வேண்டாம்னு சொன்னா அப்பா என்னை வீட்ல வச்சிருக்க மாட்டாவன்னு பயந்துட்டேன்."

இத்தனை வருடம் வாங்கிய அடியெல்லாம் அந்த நிமிடம் மொத்தமாக வலித்தது.

"எனக்கு அப்பப் பதினெட்டு வயசுக்கா" என்றேன்.

"தெரியும்ட்டி" என்றாள் அக்கா.