பிளக்கைப் பிடுங்கிய சம்பந்தி

ஷ்கோடர் நகரத்தில் டாக்சி ஓட்டும் ஃப்ரோக்கைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை அல்பேனியா முழுக்கச் சல்லடை போட்டாலும் பார்க்க முடியாது. அவன் போய்ப் பழைய மின்சாரக் கார் வாங்கினான் என்றால் தலையெழுத்து, வேறென்ன? ஊருக்குள் அது தங்கமான வண்டிதான். இரவில் பிளக்கைச் சொருகிவிட்டுத் தூங்கினால் காலையில் வயிறு நிறைந்து நிற்கும். ஊர் எல்லையைத் தாண்டினால்தான் ஃப்ரோக்குக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். பாதிக் கண் சாலையில், பாதிக் கண் சார்ஜ் எண்ணில். பனிக்காலத்தில் ஹீட்டரும் போடமாட்டான், சார்ஜைக் குடித்துவிடுமாம். பயணிகளிடம் ஆளுக்கொரு போர்வையை நீட்டித் திட்டு வாங்கிக்கொள்வான்.

அந்த டிசம்பரில் புனித நிக்கோலா திருநாள் விருந்துக்கு, மலைமேல் இருக்கும் மகள் திலாவின் புகுந்த வீட்டுக்குப் போனான். அவளுக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. புருஷன் ஜெர்மனியில் கட்டட வேலை. வீட்டில் மாமனார் தோதா மட்டும்தான்; மனைவியை இழந்தவர், எருமைக்கடா மாதிரி உடம்பு.

வண்டியைப் பார்த்ததுமே தோதா ஆரம்பித்துவிட்டார். "என்ன சம்பந்தி, டார்ச் லைட்டுக்குச் சக்கரம் மாட்டி ஓட்டிட்டு வந்துட்டீங்களா?"

"சிரிங்க, சிரிங்க. தொழுவத்துல ஒரு பிளக் பாயின்ட் மட்டும் காட்டுங்க."

சொருகியாயிற்று. மலை ஏறியதில் முக்கால்வாசி சார்ஜ் போயிருந்தது. அடிக்கடி எழுந்துபோய்ப் பார்க்கத்தான் ஃப்ரோக்குக்கு ஆசை. ஆனால் விருந்துக்கு வந்த வீட்டில் கரண்டு வருகிறதா என்று எட்டிப் பார்த்தால் வீட்டுக்காரருக்கு எவ்வளவு கேவலம்! ஆசையை அடக்கிக்கொண்டு கறியைத் தின்றான். விருந்தறையில் இரண்டு ஹீட்டர்கள் தகதகவென்று எரிந்தன. நடுவில் ஒருமுறை விளக்கு மங்கியது. தோதா எழுந்து வெளியே போய்விட்டு வந்தார். விளக்கு பளிச்சென்று ஆனது.

மத்தியானம் திரும்பியதும் அடுப்படியில் திலா அலறினாள். போய்ப் பார்த்தால் தரையெல்லாம் ரத்தம்.

போன் போட்டால், ஆம்புலன்ஸ் வேறொரு மலைக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். தோதாவின் டீசல் ஜீப் குளிரில் உறைந்து, இருமியதோடு சரி. அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் பூட்டு; ஆட்கள் இத்தாலியில். திலாவைத் தூக்கிக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். ஃப்ரோக் சாவியைப் போட்டான். எண்ணைப் பார்த்தான். வந்தபோது இருந்ததைவிடப் பெரிதாக ஏறவில்லை.

வேறு வழியில்லை, கிளம்பினான். கணவாய் வரைக்கும் ஏற்றம், அதற்கப்புறம்தான் இறக்கம். ஹீட்டர் இல்லை. தோதா தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி மருமகள்மேல் போர்த்தினார்.

"அப்பா, குளிருதுப்பா... குழந்தை அசையவே மாட்டேங்குது."

"இதோ வந்துட்டோம், கண்ணு. பேசிக்கிட்டே இரு, தூங்கிடாதே."

எண் கரைந்துகொண்டே வந்தது. தோதா தலையைக் குனிந்தபடி சொன்னார்: "சம்பந்தி... நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன். லைட்டு மங்கிடுச்சு. சம்பந்தியை இருட்டுல, குளிருல உக்கார வச்சா மானம் போயிடுமேன்னு பிடுங்கிட்டேன். அப்புறம் சொருகிக்கலாம்னு நெனச்சேன்."

"அடப்பாவி மனுஷா!" ஃப்ரோக் கத்தினான். "உங்க மானத்துக்கு என் பொண்ணு உயிரா?"

உச்சிக்கு இரண்டு வளைவு இருக்கும்போது எண் மறைந்து வெறும் கோடுகள் வந்தன. வண்டி நடக்கிற வேகத்துக்குத் தளர்ந்தது.

தோதா கதவைத் திறந்தார். "நான் ஒருத்தன் நூறு கிலோ. நிறுத்தாதீங்க." ஓடும் வண்டியிலிருந்து பனியில் குதித்து, பின்னால் தோளைக் கொடுத்துத் தள்ளினார். கோட்டில்லாத வெறும் சட்டை. அவர் முக்கித் தள்ளும் சத்தம் காருக்குள் கேட்டது.

உச்சி தாண்டியது. வண்டி தானாக உருள ஆரம்பித்தது. "திரும்பிப் பாக்காதீங்க, போங்க!" என்று தோதா பின்னாலிருந்து கத்தினார். கண்ணாடியில் அவர் சின்னதாகி, பனியில் மறைந்தார்.

இறக்கத்தில் சக்கரம் சுழலச் சுழல பேட்டரியில் கொஞ்சம் சார்ஜ் ஏறி, கோடுகள் போய் ஒன்று என்று காட்டியது. பிறகு இரண்டு, மூன்று. ஃப்ரோக் வாய்விட்டு அழுதபடி ஓட்டினான். அடிவாரத்து ஆஸ்பத்திரி வாசலில் வண்டி செத்து நின்றது. உள்ளே வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண். தாயும் பிழைத்தாள்.

இனி அடுத்த பயம். மலையில் தோதா வெறும் சட்டையோடு இருக்கிறார். போன் அடித்தால் எடுக்கவில்லை. ரோட்டில் பனி வழிக்கும் வண்டிக்காரன் ஒருவன் அவரைக் கண்டெடுத்துக் கொண்டுவந்து சேர்த்தபோது இருட்டிவிட்டிருந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் கருத்துப் போயிருந்தன. அவற்றை எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர்.

அடுத்த வருஷத் திருநாளுக்குத் தோதா வீட்டில் ஹீட்டரும் இல்லை, விளக்கும் இல்லை. திருநாள் மெழுகுவத்தி வெளிச்சத்தில், கோட்டைப் போட்டுக்கொண்டே விருந்து. பேத்தி மேஜைக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தாள். ஃப்ரோக்குக்கு ரெண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. இந்தத் தடவை எவன் என்ன நினைத்தாலும் சரி என்று எழுந்து, காருக்குச் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்கத் தொழுவத்துக்கு ஓடினான்.

விருந்திலிருந்து எப்போது எழுந்து வந்தாரோ, அங்கே வாசல் பனியில் தோதா குந்தி உட்கார்ந்திருந்தார். மூன்று விரல் கையால் பிளக்கை அழுத்திப் பிடித்திருந்தார்.

"ஏறுது, சம்பந்தி," என்றார். "நீங்க போய்ச் சாப்பிடுங்க."