இரண்டு ஸ்டாப்பர்களுக்கு நடுவே

ஒரு கோல் போடுவதற்காக ஒரு நெசவாளியைத் திருடன் என்று சொன்னேன். சொல்லும்போதே அவன் திருடன் அல்ல என்று எனக்குத் தெரியும். கோபத்தில் வாய் தவறிச் சொன்னதல்ல. யாரிடம், எந்த நேரத்தில் சொன்னால் பலிக்கும் என்று யோசித்துச் சொன்னேன். அப்போது நான் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தேன். மாலை வேளைகளில் சின்ன காஞ்சிபுரத்துக் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுத்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி ஆண்டுகள் அவை. எங்கள் அணியில் அர்ச்சகர் வீட்டுப் பிள்ளைகள், வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள், ஒரு வங்கி குமாஸ்தா. கோடைப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் எங்களைத் திரும்பத் திரும்பத் தோற்கடித்தவர்கள் பிள்ளையார்பாளையத்து நெசவாளர்கள். அவர்கள் பக்கத்துக் கூட்டம் எங்களுக்குப் 'புளியோதரை டீம்' என்று பெயர் வைத்திருந்தது. "இன்னாபா, அதுக்குள்ள மூச்சு வாங்குது? தொன்னைல வச்சி ஊட்டி வுடணுமா?" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து கத்துவார்கள். எங்கள் பையன்கள் பதிலுக்கு 'குழி எலிங்க' என்பார்கள். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிறவர்கள் என்பதால். நான் ஒருநாளும் அதைத் தடுக்கவில்லை. மைதானத்தில் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து சிரித்திருக்கிறேன்.

அந்த ஆண்டும் இறுதி ஆட்டத்தில் அவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். வெள்ளிக்கிழமை மாலை பையன்களை ஓரிக்கைக்கு அழைத்துப்போய்ப் பாலாற்று மணலில் உட்காரவைத்தேன். ஒரு குச்சியால் மைதானத்தை வரைந்து, கூழாங்கற்களை ஆட்களாக வைத்தேன்.

எங்கள் தாக்குதல் மோசமானதல்ல. நடுவில் என் தம்பி மகன்; அந்த ஊரில் அவனைவிட வேகமாக ஓடும் பார்வர்டு கிடையாது. இடது ஓரத்தில் வங்கி குமாஸ்தா. அவனைத் தடுக்க நிற்கும் அவர்களுடைய பேக் கனத்த உடம்புக்காரன், திரும்புவதற்குள் இவன் தாண்டிவிடுவான். அவர்களுடைய கோலி உயரமாக வரும் பந்துக்கு வெளியே வர அஞ்சுவான். ஆகவே இடப்பக்கமாகப் போனால் பந்து கோல் முன்னால் வந்து சேர்ந்துவிடும். அதுவரை கணக்கு நேராக இருந்தது. அதற்குப் பிறகு, கோலுக்கு முன்னால் தடுப்புக்காக அவர்களுடைய இரண்டு ஸ்டாப்பர்கள் நின்றார்கள்.

ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை. இருவரும் ஒரே தறியில் வேலை செய்தவர்கள். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகக் கோத்து நெய்யும் புடவைக்கு இரண்டு ஆள் வேண்டும். நெட்டையன் நடுவில் உட்கார்ந்து உடலுக்கான நாடாவை, ஊடை நூல் ஓட்டும் கட்டையை, எறிவான். குட்டையன் வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கான நாடாவை எறிவான். ஒருவன் கை முடிக்கும் இடத்தில் மற்றவன் கை தொடங்க வேண்டும். சிறுவயதிலிருந்து அப்படியே உட்கார்ந்து பழகியவர்கள். நாம் பந்தை முன்னால் தட்டுகிற அந்தக் கணத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஓரடி முன்னேறுவார்கள். நம் பார்வர்டு அவர்களுக்குப் பின்னால் தனியாக நின்றுகொண்டிருப்பான். லைன்மேன் கொடியைத் தூக்கிவிடுவார்: ஆஃப்சைடு.

"மத்த டீம்ல 'ஏறு, ஏறு'ன்னு கத்துவா பெரியப்பா, நாம உஷாராயிடலாம். இவா ரெண்டு பேரும் மூச்சே விடறதில்லை" என்றான் தம்பி மகன்.

"அதனாலதான் சொல்றேன். பந்தை உனக்குக் குடுக்கப்படாது. நீ அவாளை உன்பக்கம் இழுத்துண்டு நில்லு. பின்னாலேர்ந்து ஓடிவர ஹாஃபுக்குப் பந்து போகட்டும். அவா ஏறும்போது இவன் அவாளைத் தாண்டி உள்ளே போயிண்டிருக்கணும்."

அது நேர்மையான வழி. சரியான வழியும்கூட. ஆனால் மணலில் ஆட்களை நிறுத்தி ஓடவிட்டுப் பார்த்தபோது நடுவரிசையில் ஆடும் ஹாஃப் ஒருமுறை முந்தினான், ஒருமுறை பிந்தினான், ஒருமுறை தம்பி மகன்மேலேயே மோதிக்கொண்டு விழுந்தான். பையன்கள் சிரித்தார்கள்.

"அந்த ரெண்டு பேரும் சண்டை போட்டுண்டாதான் உண்டு பெரியப்பா" என்று மணலைத் தட்டிக்கொண்டே சொன்னான் தம்பி மகன். அவன் விளையாட்டாகச் சொன்னது. எல்லோரும் இன்னொருமுறை சிரித்தார்கள். நான் கூழாங்கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பக்கத்து வீட்டுக்காரர் பட்டு வியாபாரி. தறியில் விழும் டிசைனைத் துளையிட்ட அட்டைகள் தீர்மானிக்கும். அட்டை போனால் டிசைன் போயிற்று. முகூர்த்த சீசனுக்காக அவர் புதிதாகச் செய்த ஒரு கரை டிசைனை நெட்டையனின் தறிக்குத்தான் கொடுத்திருந்தார். அது வேறொரு கடையில் முன்பே விற்பனைக்கு வந்துவிட்டது. அந்த வாரம் அவர் என்னிடம் புலம்பினார்: அட்டையை வெளியே கொடுத்தது அவருடைய சொந்த மைத்துனனாம். "வெளியில சொன்னா என் வீட்டு மானம்தான் போவும் சார். உங்களோட இருக்கட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக் குழாயடியில் நெட்டையன் முகம் கழுவிக்கொண்டு தனியாக நின்றான். நான் அருகில் போனேன்.

"உன் கரை டிசைன் வேற கடையில வந்திருக்காமே?"

"ஆமா சார். ஓனரு என்னியே ஒரு மாதிரியா பாக்குறாரு."

"சொல்லாம இருக்க மனசு வரலைப்பா. அட்டையை எடுத்துண்டு போய்க் குடுத்தது உன் வலப்பக்கம் உட்கார்றவன்தானாம்."

அவன் குழாயை மூடவில்லை. தண்ணீர் காலில் கொட்டிக்கொண்டிருந்தது. "அவனா? இருக்காது சார். யாரு சொன்னது?"

"நான் சொல்றேன். என் பேரை மட்டும் இழுக்காதே."

"நீங்க வாத்தியாரு. நீங்க போயி பொய் சொல்லுவீங்களா" என்றான். என்னைக் கேட்கவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே இடப்பக்கமிருந்து பந்து வந்தது. குட்டையன் ஓரடி முன்னேறினான். நெட்டையன் பந்தைப் பார்க்காமல் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றான். கொடி ஏறவில்லை. தம்பி மகன் இருவருக்கும் நடுவே புகுந்து கோல் போட்டான்.

"ஏன்டா ஏறல? என் மூஞ்சில இன்னா எழுதிக்கீது?" என்று குட்டையன் கத்தினான்.

நெட்டையன் அவனை அறைந்தான். "அட்டைய வித்தவன்கூட இன்னாடா ஏறுறது! திருட்டு நாயே!"

மைதானம் முழுவதும் அது கேட்டது. நடுவர் நெட்டையனை வெளியே அனுப்பினார். மீதி ஆட்டம் முழுக்கக் குட்டையன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான். எங்கள் பையன்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போய் இன்னும் இரண்டு கோல் போட்டார்கள். கோப்பையோடு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேரடி வரை வந்தார்கள். நான் கையசைத்தேன்.

அதன்பிறகு குட்டையனை எந்தத் தறியிலும் சேர்க்கவில்லை. டிசைன் திருடியவன் என்று பெயரெடுத்தவனை எந்தக் கடைக்காரரும் தன் அட்டை இருக்கும் வீட்டுக்குள் விடமாட்டார். உண்மை தெரிந்த என் பக்கத்து வீட்டுக்காரரும் வீட்டு மானத்துக்குப் பயந்து வாய் திறக்கவில்லை. தெருப் பிள்ளையார் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன், வந்து பார் என்று அவன் நெட்டையனைக் கூப்பிட்டனுப்பினான். நெட்டையன் போகவில்லை. குட்டையன் தெருவார் முன்னால் தனியாகவே சூடம் அணைத்துவிட்டுப் போனான். யார் சொன்னது என்று எத்தனையோ பேர் கேட்டும் நெட்டையன் என் பெயரைச் சொல்லவில்லை. நான் கேட்டுக்கொண்டதைக் காப்பாற்றினான்.

இவையெல்லாம் எனக்கு அவ்வப்போது காதில் விழுந்தன. தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டு மழைக்காலம் போயிற்று. ஏனாத்தூரில் ஒரு புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஒருநாள் பேருந்திலிருந்து இறங்கி நடக்கும்போது, தலையில் சிமெண்ட் சட்டியோடு ஒருவன் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தான். குட்டையன்.

"சார், நல்லா கீறீங்களா? உங்க டீமு இந்த வாட்டியும் கப்பு அடிக்குமா?"

விரல்களில் சிமெண்ட் அரித்த புண்கள். பட்டு நூலைத் தொட்டால் இழை சிக்கும் அளவுக்குத் தோல் வெடித்திருந்தது. நான் ஏதோ சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். அன்று பாடம் நடத்த முடியவில்லை.

அந்த வாரமே நெட்டையன் வீட்டுக்குப் போனேன். தறியில் அவனுக்கு வலப்பக்கம் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். "வாங்க சார், காப்பி போடட்டா?" என்று எழுந்தாள். வேண்டாம் என்று சொல்லி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரரின் மைத்துனன் உட்பட.

நெட்டையன் குழியிலிருந்து காலை எடுக்கவே இல்லை. அவன் மனைவிதான் பேசினாள். "உங்களுக்குப் போயி காப்பி கேட்டேனே, என்னைச் சொல்லணும்."

"எங்கிட்ட ஏன் சொல்ற?" என்றான் அவன். அதுவரை 'சார்' என்றவன். "ஊரு பாக்க அவன அடிச்சேன். ஊரு பாக்க சொல்லு. இப்ப எழுந்து வெளிய போ."

ஊர் பார்க்கச் சொன்னேன். அந்த ஆண்டுப் போட்டியின் தொடக்க நாளில், வரவேற்புரைக்காகக் கையில் கொடுத்த மைக்கில் சொன்னேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பிள்ளையார்பாளையத்துப் பக்கமிருந்து ஒரு செருப்பு வந்து மேசைமேல் விழுந்தது. "புளியோதரை வாயில பொய்யப் பாருடா!" என்று ஒருவர் கத்தினார். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்றும் சொன்னேன். தம்பி மகன் மேடைக்கு ஏறி வந்து என் கையிலிருந்த மைக்கை அணைத்தான். "கோல் போட்டது நான். உங்க பாவத்துக்கு என் கோலை ஏன் குடுக்கறேள்?" என்றான். அதன்பிறகு அவன் என் வீட்டுக்கு வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அன்றிரவே வாசலில் நின்று, நான் அவருடைய குடும்பத்தைச் சந்தியில் இழுத்துவிட்டதாகத் திட்டித் தீர்த்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

குட்டையனுக்கு நான் முன்கூட்டியே ஆள் அனுப்பி வரச்சொல்லியிருந்தேன். கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். நெட்டையன் எல்லோரையும் விலக்கிக்கொண்டு அவனிடம் போனான். நானும் மேடையிலிருந்து இறங்கி அருகில் போயிருந்தேன்.

"அதான் மைக்குல சொல்லிட்டாருல்ல. வாபா, தறிக்கு வா."

குட்டையன் என்னைக் காட்டினான். "இவரு எதிர் டீமு. ஜெயிக்கறதுக்கு இன்னா வேணா சொல்லுவாரு. நீ எங்கூட குந்திக்கினு இருந்தவன்டா. 'நீ குடுத்தியாடா'ன்னு ஒரு வார்த்த கேட்டியா? சூடம் அணைச்சேனே, வந்து பாத்தியா?"

"வாத்தியாரு சொன்னாருன்னுதான்..."

"அவரு சொன்னா நம்புவ, மைக்குல சொன்னா நம்புவ. நான் சொன்னா மட்டும் நம்பமாட்ட. போ, மைக்க வலப்பக்கம் குந்த வச்சிக்கினு நெய்யி."

அவன் போய்விட்டான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பை அவனிடம் சொல்லவே முடியவில்லை. கடைக்காரர்கள் அவனை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். கை ஆறியதும் கூரம் கிராமத்தில் வேறொருவனுடைய தறியில் வேலைக்கு உட்கார்ந்தான். அந்த அளவுக்கு என் பேச்சு உதவிற்று.

நெட்டையன் மட்டும் அன்று கூட்டம் கலையும்வரை என் அருகிலேயே நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவன் திருடன்னு நெனச்சிக்கினாவது தூங்கிக்கினு இருந்தேன்" என்றான். "அதையும் புடுங்கிட்ட."