நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்

ஜோசஃபினுக்குக் கலால் துறையில் வேலை கிடைத்தபோது அவருடைய அண்ணன் ரெமிஜியஸ் கோயிலில் யாரிடமும் அதை விவரமாகச் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் "ரெவின்யூ டிபார்ட்மென்ட்" என்று மட்டும் சொன்னார். பொய்யில்லை. மது விற்று வரும் வரியை வசூலிப்பதும் அந்தத் துறைதான்.

இருபத்தாறு வருடத்தில் ஜோசஃபின் இன்ஸ்பெக்டர் ஆகியிருந்தார். அவர் அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. மேலே, இந்த மாதம் எத்தனை பெட்டி மது விற்க வேண்டும் என்ற இலக்கு. கீழே, எத்தனை கடைகள்மேல் வழக்குப் போட்டார்கள் என்ற எண்ணிக்கை. காவலர் சீனு அதைப் பார்த்துவிட்டு, "ஊத்திக் குடுக்குறதும் நாமதான், புடிக்கறதும் நாமதான் மேடம்" என்பார். ஜோசஃபின் சிரிக்கமாட்டார்.

ஒரு ஜூன் மாதம் பிரகாஷ் என்பவர் விவேக் நகரில் ஒயின் ஷாப் திறக்க லைசென்ஸ் கேட்டு மனுக் கொடுத்தார். அதே தெருவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஜோசஃபின் ஐந்தாவது வரை படித்த பள்ளி அது. அண்ணி ஆஞ்சலாவின் வீடும் அந்தத் தெருவில்தான். "வேற யாரையாவது அனுப்புங்க சார்" என்று மேலதிகாரியிடம் கேட்டார். வேறு யாரும் இல்லை என்று பதில் வந்தது.

பள்ளி வாசலிலிருந்து ஜனங்கள் வழக்கமாக நடக்கிற வழியில் நூறு மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்பது விதி. முன்வாசலிலிருந்து அளந்தபோது நூற்று முப்பத்தொன்று. பின்வாசலிலிருந்து தொண்ணூற்று நான்கு.

"அது எப்பவும் பூட்டியே கெடக்கும் மேடம்" என்றார் பிரகாஷ். பூட்டும் துருப்பிடித்துதான் இருந்தது.

மறுநாள் மூன்று மணிக்கு ஜோசஃபின் எதிர்ச்சாரியில் போய் நின்றார். மூன்றேகாலுக்கு ஆயா வந்து அந்தப் பூட்டைத் திறந்தார். நாற்பது ஐம்பது பிள்ளைகள் அந்த வழியாக ஓடிவந்தார்கள். படம் எடுத்துக்கொண்டு, அறிக்கையில் தொண்ணூற்று நான்கு என்று எழுதினார்.

மேலதிகாரி கூப்பிட்டார். "மெயின் கேட்டுனு மாத்திடுங்க ஜோசஃபின். மேலேருந்து ரெண்டு தடவை போன் வந்துடுச்சு. நம்ம டார்கெட்டும் பின்னாடி இருக்கு."

"நீங்க போய் அளந்து, உங்க கையெழுத்துல வேற ரிப்போர்ட் அனுப்புங்க சார். என்னுது தொண்ணூத்தி நாலுதான்."

அவர் அளக்கப் போகவில்லை. பிரகாஷின் மனு தள்ளுபடி ஆனது. ஜோசஃபினுக்கு இரண்டு மாதம் கிடங்கில் டியூட்டி போட்டார்கள். முனகாமல் போய்வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் எல்லோர் முன்னும் சால்வை போர்த்தினார். "நான் அளந்தேன், அவ்வளவுதான் பாதர்" என்றார் ஜோசஃபின். யாரும் காதில் வாங்கவில்லை. ஆஞ்சலா முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் பிரகாஷ் அதே தெருவில் இன்னும் கொஞ்சம் தள்ளி வேறொரு கட்டடம் பார்த்து, மறுபடியும் மனுப் போட்டார். பின்வாசலிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு. ஜோசஃபின் இரண்டு முறை அளந்தார்.

அறிக்கை எழுதுவதற்கு முன்னால், பிரேசர் டவுனில் அவர் வீட்டுக்கு ஆஞ்சலாவும் நான்கு பெண்களும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

"தொண்ணூத்தி எட்டுன்னு எழுதிடு ஜோசி. யாரு வந்து பாக்கப்போறா?"

"பிரகாஷ் பாப்பாரு அண்ணி. அவர்கிட்டயும் டேப் இருக்கு. அப்பீல்ல அளந்தா நூத்திப் பன்னெண்டுதான் வரும். அப்புறம் அந்தத் தொண்ணூத்தி நாலையும் ஒருத்தரும் நம்பமாட்டாங்க."

"நீ படிச்ச ஸ்கூல்டீ அது!"

"எனக்கும் அந்தக் கடை வேணாம். நூறு மீட்டர் பத்தாதுன்னா ரூலை மாத்தச் சொல்லி கவர்மென்ட்டுக்கு எழுதுங்க. யாருக்கு எழுதணும்னு சொல்றேன்."

"அப்போ அன்னிக்கு எங்களுக்காகச் செய்யலையா நீ?"

ஜோசஃபின் டீத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். அவர்கள் டீயைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

காலையில் அலுவலகம் போய் நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலதிகாரி தாளைப் படித்துவிட்டு, "இப்பதான் வழிக்கு வந்தீங்க" என்று கைகொடுத்தார். அண்ணியின் கோபத்தைவிட அந்தக் கைகுலுக்கல்தான் பல நாள் உறுத்தியது.

ஏப்ரலில் கடை திறந்தார்கள். ஆஞ்சலா பேச்சை நிறுத்திவிட்டார். கோயிலில் பார்த்தால் வேறு வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். ரெமிஜியஸ் மட்டும் போனில் இரண்டு வார்த்தை பேசுவார்.

செப்டம்பரில் ஒருநாள் ஆஞ்சலாவே அலுவலகத்துக்கு வந்தார். உட்காரவில்லை.

"உன்ன பாக்க வரல. கடை வாசல்லயே நின்னு குடிக்கிறானுங்க. ஸ்கூல் விடுற நேரத்துல. இதுக்கு மனு யார்கிட்ட குடுக்கணும்?"

"என்கிட்டதான் அண்ணி."

ஆஞ்சலா எழுதிக் கொடுத்தார். சீனு முத்திரை குத்தி ரசீது கொடுத்தார்.

மறுநாள் மூன்று மணிக்கு ஜோசஃபினும் சீனுவும் சாதாரண உடுப்பில் போனார்கள். கடை ஷட்டர் ஓரமாக மூன்று பேர் பிளாஸ்டிக் தம்ளரோடு நின்றிருந்தார்கள். உள்ளேயிருந்து பிரகாஷ் ஓடிவந்தார்.

"கடைக்கு ஓகே பண்ணதே நீங்கதானே மேடம்?"

"ஆமா. வாங்கிட்டுப் போறதுக்குத்தான் ஓகே பண்ணேன். இங்கயே நின்னு குடிக்கிறதுக்கு இல்ல."

மேலதிகாரி போன் செய்து, எச்சரித்து விட்டுவிடலாமே என்றார். "கேஸ் எழுதியாச்சு சார்" என்றார் ஜோசஃபின். விசாரணை நடந்து, கடையை ஒரு வாரம் மூடவேண்டும் என்று உத்தரவு வந்தது.

அதை ஜோசஃபினே அண்ணிக்குப் போனில் சொன்னார்.

"ஒரு வாரந்தானா?"

"முதல் தடவைக்கு அவ்வளவுதான் அண்ணி. திரும்ப நடந்தா திரும்ப எழுதிக் குடுங்க."

"குடுப்பேன்" என்றார் ஆஞ்சலா. கொடுக்கவும் செய்தார். போன மாதம் வரை மூன்று மனு. அதில் இரண்டு உண்மையாக இருந்தன. மூன்றாவதுக்கு ஆதாரம் இல்லை என்று ஜோசஃபின் எழுதினார். அதற்காக ஆஞ்சலா இரண்டு நாள் பேசவில்லை.