கால் ஊன்றினால் தமிழ்

என் பிள்ளைகளே, உங்கள் தாத்தாவின் சட்டை முதுகிலிருந்து வந்த வாசனையை வைத்துத்தான் இதைத் தொடங்க முடியும். கஞ்சி போட்டுத் தேய்த்த பருத்தியும் எழுதும் மசியும் காலை வெயிலில் ஊறிய வியர்வையும் கலந்த வாசனை அது. சைக்கிளின் பின் கேரியரில் உட்கார்ந்து அந்த முதுகைப் பார்த்தபடியேதான், எனக்குப் பதின்மூன்று வயதான அந்த வருடம், கோவில்பத்திலிருந்து காரைக்கால் டவுன் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் போய் வந்தேன். நான் செய்த ஒரு தப்பும் அந்தப் பாதையில்தான் கிடக்கிறது. உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. எழுதுவதென்று உட்கார்ந்துவிட்டதால், மற்ற வீட்டுப் பிள்ளைகளும் படிக்கட்டும்.

அப்பா 'மேரி'யில் குமாஸ்தா. நகரமன்ற அலுவலகத்தை எங்கள் ஊர் அந்தப் பிரெஞ்சுப் பெயராலேயே அழைத்து வந்தது. பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் பதிவேட்டில் பிரெஞ்சில் எழுதுவது அவர் வேலை. முன்னறையில் சன்னலோரம் அவருடைய மேசை. திருநள்ளாற்றுப் பக்கத்து விவசாயியும் கோட்டுச்சேரிமேட்டு மீனவரும் கடைத்தெரு மரைக்காயரும் அந்த மேசைக்குத்தான் வருவார்கள். "புள்ளைக்கு என்ன பேருங்க, சொல்லுங்க" என்று கேட்டு, அவர்கள் சொன்ன பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பார். அந்த மேசையை அவர் எவ்வளவு நேசித்தார் என்பது, வீட்டில் சோறு உண்ணும்போது அன்று பதிந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவதிலிருந்தே எங்களுக்குத் தெரியும்.

பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள். புதிய அதிகாரி வந்தார். அவருக்குத் தமிழும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. குமாஸ்தாக்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் பேசிப் பார்ப்பதாகவும், பேசத் தெரிந்தவர்கள் முன்னறையில் இருப்பார்கள், மற்றவர்கள் பின்கட்டு ஆவண அறைக்குப் போவார்கள் என்றும் சொல்லியனுப்பினார். அப்பாவுக்கு ஆங்கிலம் படித்தால் புரியும். வாயைத் திறந்தால் பிரெஞ்சு வந்துவிடும். நானோ மூன்று வருடம் பிரெஞ்சு எல்லைக்கு வெளியே மாயவரத்தில் மாமா வீட்டில் தங்கி ஆங்கிலத்தோடு படித்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தேன். தெருவில் எனக்கு 'இங்கிலீஷ் பேசுற பையன்' என்று பெயர்.

அப்பா ஒரு விதி போட்டார். சைக்கிளில் ஏறினால் இறங்கும்வரை தமிழ் கூடாது. கால் தரையில் பட்டால்தான் தமிழ். வழியில் கண்ட மாடு, வாய்க்கால், வண்டி எல்லாவற்றையும் பற்றி அவர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே மிதிப்பார். ஒரு வார்த்தை கிடைக்காவிட்டால் பிரேக் பிடித்து, இடது காலை ஊன்றி, திரும்பிப் பார்த்து, "கதிர் அறுக்குறதுக்கு என்னடா?" என்பார். நான் சொன்னதும் இரண்டு தடவை முணுமுணுத்துவிட்டு மறுபடி மிதிப்பார். கால் மணி நேரப் பாதைக்கு முக்கால் மணி ஆனது. சைக்கிள் கடை ஹமீது பாய் தன் கடைவாசலிலேயே இரண்டு தடவை நாங்கள் நின்றதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்:

"என்னங்க குமாஸ்தா ஐயா, தினம் பஞ்சரா?"

"டயரு நல்லாத்தான் இருக்கு பாய். வார்த்தைதான் எறங்கிப்போச்சு."

"அதுக்கு நம்ம கடையில பம்பு இல்லியே."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருக்கவில்லை.

வெட்கம் பள்ளிக்கூடத்தில் வந்தது. எவனோ எங்களைப் பார்த்துவிட்டான். இடைவேளையில் ஒருவன் சைக்கிள் ஓட்டுவதுபோல் கைகளை நீட்டிக்கொண்டு ஓடுவான். சட்டென நின்று ஒரு காலை ஊன்றி, தொண்டையைச் செருமி, அப்பாவின் குரலில் என்னைக் கேட்பான். சுற்றி நிற்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு வாரத்தில் அது வகுப்பின் விளையாட்டாகவே ஆகிவிட்டது. எனக்கு அந்தப் பையன்கள் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். அப்பா மேல் வந்தது.

பேச்சுத் தேர்வுக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் சைக்கிள் நின்றதும் குதித்து இறங்கி, "போதும்பா. இனிமே பழக வேணாம். நீங்க நல்லாவே பேசுறீங்க" என்றேன்.

"இன்னும் இருவது நாளு இருக்கேடா."

"எங்க இங்கிலீஷ் வாத்தியாரே இவ்வளவு நல்லாப் பேச மாட்டாருப்பா."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முகம் முழுக்க மலர்ந்து, உள்ளே பார்த்து, "கேட்டியா, உன் புள்ளை எனக்கு பாஸ் போட்டுட்டான்" என்று அம்மாவிடம் சொன்னார். மறுநாளிலிருந்து நான் நடந்தே பள்ளிக்கூடம் போனேன். அவர் தனியாக சைக்கிளில் போனார், வழியில் எங்கும் நிற்காமல். விடுதலை கிடைத்தாற்போல் இருந்தது எனக்கு. அந்த இருபது நாளும் நான் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

தேர்வு நாளில் கோட்டு போட்டுக்கொண்டு போனவர், மத்தியானமே திரும்பிவிட்டார். கிணற்றடியில் நின்று வெகுநேரம் கால் கழுவினார். துண்டை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "மொதல்ல நல்லாத்தான் போச்சு. நடுவுல ஒரு வார்த்தை நின்னுபோச்சு. கேக்க ஆளு இல்ல. அப்பறம் வந்ததெல்லாம் பிரெஞ்சு. அவரு கையைக் காட்டி, போதும்னுட்டாரு" என்றார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்:

"ஏம்ப்பா, நீ அன்னைக்கு சொன்னது நெசந்தானே?"

உண்மையைச் சொல்ல எனக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது, பிள்ளைகளே. நான் சொன்னேன்: "நெசந்தாம்பா."

"அப்ப நாந்தான் அங்க பதறிட்டேன்" என்றார் அப்பா.

முதல் பொய்யால் அவருடைய மேசை போயிற்று. இரண்டாவது பொய்யால், அது போனதற்குத் தானே காரணம் என்று சாகும்வரை நம்பினார். பணிக்காலம் முடியும்வரை பதினோரு வருடம் பின்கட்டு அறையில் பழைய பதிவேடுகளுக்குப் பூச்சிமருந்து தூவிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு வேளையில் பெயர்கள் சொல்லுவது நின்றுபோனது. என்மேல் ஒருநாளும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. விருந்தாளிகள் வந்தால், "இவந்தான் எனக்கு இங்கிலீஷ் வாத்தியாரு" என்று பெருமையாகவே சொல்லுவார். அப்போதெல்லாம் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவேன். எனக்கும் படிப்பு பள்ளி இறுதியோடு நின்றது. இங்கிலீஷ் பேசுகிற பையன் அப்படியொன்றும் பெரிதாகப் பேசிவிடவில்லை.

போன மாதம் என் பிறப்புச் சான்றுக்காகக் காரைக்கால் போனேன். ஹமீது பாயின் கடை இருந்த இடத்தில் துணிக்கடை. வாய்க்காலை மூடி ரோட்டை அகலப்படுத்திவிட்டார்கள். சைக்கிளில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறவர் ஒருவரையும் காணவில்லை. பதிவு அலுவலகத்தில் இளவயதுக் குமாஸ்தா ஒரு தடித்த பதிவேட்டைத் தூக்கி வந்து வைத்தார். "சார், உங்களுக்கு இதைப் படிக்கத் தெரியுமா? இங்க யாருக்கும் பிரெஞ்சு வராது" என்றார். எனக்கும் வராது என்றேன். என் பெயரும் என் அப்பாவின் பெயரும் மட்டும் தெரிந்தன. சாய்ந்து ஓடும் அந்த எழுத்து அவருடையதுதான். நான் பிறந்த செய்தியை எழுதியது அவர் கைதான்.

சான்றில் முத்திரை வைத்து வர குமாஸ்தா உள்ளே போனார். அறையில் வேறு யாரும் இல்லை. பக்கத்தின்மேல் குனிந்து, மெதுவாக, ஆனால் வாய்விட்டே சொன்னேன்: "நெசம் இல்லப்பா. நீங்க பதறல."

பிறகு, தாள் மடங்கிவிடாமல் பார்த்து, பதிவேட்டை மூடி வைத்தேன்.