குடையை வாங்கிக்கொண்டும் போகாத பெண்

என் அண்ணனுக்கு உடைந்ததைப் பார்ப்பதற்குத்தான் சம்பளம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர். எங்காவது ஒரு கார் இடித்துக்கொண்டால் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், குனிந்து நிமிர்ந்து நாலு பக்கமும் படம் எடுத்து, இது தேறும், இது தேறாது என்று எழுதிக்கொடுப்பார். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. பழைய அடியைப் புது அடி என்று சொல்லி ஏமாற்றப் பார்க்கிறவர்கள் அவரிடம் தப்பியதே இல்லை. சொந்தக்காரர் வண்டி என்றால் கை வைக்க மாட்டார், வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிடுவார். அண்ணியின் தம்பி காரைக் கொண்டுபோய்ச் சுவரில் சாத்தியபோதும் அப்படித்தான் செய்தார். அண்ணி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

ஆனால் பத்துப் பேருக்கு அவரைத் தெரிந்தது இந்த வேலையால் அல்ல. இணையத்தில் 'தேறும்' என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறார். யாரும் சீந்தாத வீடியோ கேம்களைத் தேடிப்பிடித்து விளையாடி, குறை இன்னின்னது, ஆனாலும் விளையாடிப் பாருங்கள் என்று ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று எழுதுவார். ஐம்பது வயதை நெருங்குகிற ஆள் கேம் விளையாடுகிறாரே என்று ஆபீசில் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். ஆனால் அவர் எழுதியதைப் படிக்க ஒரு பெரிய கூட்டமே இருந்தது. அவர் கை காட்டிவிட்டால் செத்துக் கிடந்த கேம் எழுந்து உட்காரும்.

நன்றாகத்தான் எழுதுவார், அதை நான் மறுக்க மாட்டேன். ஒரு கப்பல் கேம். கப்பலைத் திருப்ப நிஜமாகவே இருபது நிமிடம் ஆகும். எல்லோரும் காறித் துப்பிய கேம் அது. அண்ணன் எழுதினார்: "அந்த இருபது நிமிடம் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். கடலைப் பாருங்கள். அதற்காகத்தான் செய்திருக்கிறார்கள்." இன்னொன்று துப்பறியும் கேம். யாரோ அரைத் தூக்கத்தில் மொழிபெயர்த்திருக்கிறார்கள். கொலைகாரன் பெயர் முதல் காட்சியிலேயே திரையோரத்தில் வந்து தொலைக்கும். "தெரிந்துகொண்டே விளையாடுங்கள். அவன் பொய் சொல்கிற ஒவ்வொரு முறையும் பாவமாக இருக்கும்" என்று எழுதினார். தரைக்கு ஒரு முழம் மேலே காற்றில் நடக்கும் குதிரை ஒன்று உண்டு. அந்தக் கேமுக்கு நாலு பக்கம். கடைசியில் குதிரை செத்தபோது கண் கலங்கியதாக வேறு எழுதியிருந்தார்.

வீட்டில் உப்பு ஒரு கல் குறைந்தால் தட்டைத் தள்ளிவைக்கிற மனிதர் இவர். கேமுக்கு மட்டும், "முதல் மூன்று மணி நேரம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள், பிறகு பாருங்கள்" என்பார். அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு பத்து நிமிடத்தை அண்ணிக்குக் கொடுத்திருந்தால் அந்த வீட்டில் இன்னும் நாலு வார்த்தை பேச்சு இருந்திருக்கும்.

அவருடைய பக்கத்துக்கு இரண்டு விதிகள். தலைப்புக்குக் கீழேயே பெருமையாகப் போட்டுவைத்திருந்தார். வெளிவந்து இரண்டு வருடம் ஆகாத கேமைப் பற்றி எழுதுவதில்லை. தெரிந்தவர்கள் செய்த கேமைப் பற்றி எழுதுவதில்லை. புதுக் கேம் தானாகவே ஓடிவிடலாம், தான் விழுந்ததைத்தான் தூக்கிவிடுவேன் என்று ஒருமுறை விளக்கமும் சொன்னார். அப்போது எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

நான் படம் வரைகிறவள். ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் நாங்கள் நாலு பேர் மூன்றரை வருடம் உட்கார்ந்து ஒரு கேம் செய்தோம். பணம் போட்டவரை பாஸ் என்போம். ப்ரோகிராம் எழுதியவருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்திருந்தோம், வாரத்துக்கு நாலு வார்த்தைதான் பேசுவார். இசையும் சத்தமும் செய்தவள் என் சிநேகிதி. மழைச் சத்தத்தை அவள் ஜன்னலோரம் மைக் வைத்துப் பிடித்தாள். உற்றுக் கேட்டால் மழைக்குள் தையல் மெஷினும் ஓடும். எடுக்கப் பார்த்து முடியாமல் அப்படியே விட்டுவிட்டோம்.

கேமின் பெயர் 'தொலைந்த பொருள் அறை'. ஒரு ரயில் நிலையத்தில் பயணிகள் விட்டுப்போன சாமான்களை வைக்கிற அறை. விளையாடுகிறவர்தான் அங்கே குமாஸ்தா. பை, செருப்பு, பல்செட், பிள்ளையின் பள்ளிக்கூடப் புத்தகம் என்று வந்தபடி இருக்கும். தொலைத்தவர்கள் வந்து அடையாளம் சொல்வார்கள். சிலர் உண்மை சொல்வார்கள், சிலர் அடுத்தவர் பொருளுக்கு அடிபோடுவார்கள். கொடுப்பதா வேண்டாமா என்று குமாஸ்தா முடிவுசெய்ய வேண்டும். குறை இல்லையா என்றால், நிறைய இருந்தது. முதல் இரண்டு மணி நேரம் சாமான்களில் அடையாளச் சீட்டுக் கட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை. குமாஸ்தா நடப்பதற்குள் நமக்கே வயதாகிவிடும். அலமாரிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், அது என் தப்பு.

வெளியிட்டோம். நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு பேர் கருத்து எழுதினார்கள், அதில் ஒருவர் தவறிப்போய் வேறு கேமைப் பற்றி எழுதியிருந்தார். மூன்று மாதம் பார்க்கலாம், அதற்குள் எழவில்லை என்றால் கடையைக் கட்டவேண்டியதுதான் என்று பாஸ் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் பார்வை எதற்கு என்று மற்ற இருவருக்கும் தெரிந்திருந்தது. என் அண்ணன் ஒரு வரி எழுதினால் போதும்.

ஆறாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கேட்டேன். முப்பத்தாறு வயதிலும் அவருக்கு நான் பாப்பாதான். எங்களுக்கு நடுவே பதினோரு வருடம்.

"இன்னும் தொடலை பாப்பா. கையில நிறைய கிடக்கு," என்றார். "தொட்டாலும் எழுத முடியாது. உனக்கே தெரியும்."

புகழ வேண்டாம், திட்டியாவது எழுதுங்கள், குப்பை என்று எழுதினாலும் நூறு பேர் என்னதான் குப்பை என்று எட்டிப் பார்ப்பார்கள் என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றரை வருடத்தையும், மற்ற மூன்று பேரையும், நிறைமாத வயிற்றோடு மாடி ஏறி வந்துகொண்டிருந்த என் சிநேகிதியையும் சொன்னேன். விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார். கூடப்பிறந்தவளுக்கு ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா என்று அண்ணி கேட்டாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மூன்று மாதம் முடிந்தது. பாஸ் சொன்னபடி கடையைக் கட்டினார். விற்பனைத் தளத்தில் இருந்த கணக்கையும் அடுத்த வருடம் மூடிவிட்டார், அதோடு கேமும் விற்பனையிலிருந்து போனது. முன்பே வாங்கியவர்கள் தங்கள் கணினியில் விளையாடலாம், அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. ஊமைக்கோட்டான் ஒரு வங்கியின் சாப்ட்வேர் பிரிவில் போய்ச் சேர்ந்தார். சிநேகிதிக்குப் பெண் பிறந்தது. மைக்கை விற்றுவிட்டாள். நான் இணையத்தில் செருப்பு விற்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். செருப்புப் படங்களின் பின்னணியை வெட்டியெடுத்து வெள்ளையாக்கும் வேலை. ஒரு நாளைக்கு நூற்றிருபது ஜோடி. கண்ணை மூடினால் செருப்பாகத்தான் தெரிந்தது.

கேம் வெளிவந்து சரியாக இரண்டு வருடமும் ஆறு நாளும் ஆன ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் எழுதினார்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீசில் உட்கார்ந்து படித்தேன். பொய் சொல்ல விரும்பவில்லை, முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மழைக்குள் ஓடும் தையல் மெஷினைக் கேட்டிருந்தார். "எங்கோ ஒருவர் மழையைப் பொருட்படுத்தாமல் வேலை செய்துகொண்டிருக்கிறார்" என்று எழுதியிருந்தார். ஒரே மாதிரி இருக்கும் அலமாரிகளைத் திட்டிவிட்டு, பத்தாவது நாள் அந்த அலமாரிகள் நமக்குப் பழகிவிடுவதுதான் இந்தக் கேம் என்றும் எழுதியிருந்தார். நான் வரைந்த படங்களைப் பற்றி இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு எதிரே இருந்த பெண் ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். கண்ணில் தூசி என்றேன்.

கடைசியில் ஒரு குறிப்பு. இதைச் செய்தவர்களில் ஒருவர் என் தங்கை, இன்று அந்தக் கம்பெனி இல்லை, இதனால் யாருக்கும் எந்த ஆதாயமும் கிடையாது என்பதால் என் விதியை ஒரே ஒரு முறை தளர்த்துகிறேன் என்று போட்டிருந்தார். போன மாதம்தான் இந்தக் கேமைக் கையில் எடுத்ததாகவும் எழுதியிருந்தார்.

அந்தக் குறிப்புக்கு மேலேதான், எங்கள் கேமில் தொலைத்த குடையைக் கேட்டு வருகிற குடைக்காரி இருந்தாள். "மழை தொடங்குவதற்கு முன்பே குடையைக் கொடுத்துவிட்டால், அந்தப் பெண் அதை வாங்கிக்கொண்டும் போவதில்லை. கவுன்டர் முன்னாலேயே நிற்கிறாள். கடிகாரமும் நின்றுவிடுகிறது. பிழைதான். ஆனால் நான் பத்து நிமிடம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டது கிடைத்த பிறகும் போக மனமில்லாமல் நிற்கிறவர்களை வேறு எந்தக் கேமிலும் பார்த்ததில்லை."

மூன்று முறை படித்தேன். பிறகுதான் உறைத்தது. அந்தப் பிழை வெளியீட்டுக்குப் பிறகு ஒன்பது நாள் மட்டும்தான் இருந்தது. ஒன்பதாவது நாள் ஊமைக்கோட்டான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவளை வெளியே அனுப்பிவைத்தவளே நான்தான். முன்பே வாங்கியிருந்தவர்களுக்கும் அது தானாகவே மாறிவிட்டது. அதற்குப் பிறகு விளையாடிய எல்லோருக்கும் அவள் ஒழுங்காகக் குடையை விரித்துக்கொண்டு போய்விடுவாள். போன மாதம் விளையாடிய யாரும் அவள் நிற்பதைப் பார்த்திருக்கவே முடியாது.

பழைய அடியைப் புது அடி என்று காட்டுகிறவர்களை இருபத்திரண்டு வருடமாகப் பிடித்த மனிதர். சாப்பாட்டு மேஜையில் இன்னும் தொடவில்லை என்று அவர் சொன்னது ஆறாவது வாரம். அதற்கு முன்பே அவர் குடைக்காரியைப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, அவர் எந்த ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறார் என்று அண்ணியிடம் கேட்டுக்கொண்டு போனேன். கதவு உள்ளே போன ஒரு வெள்ளைக் காரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நான் நன்றி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். முந்நூறு பேருக்கு மேல் கருத்து எழுதியிருப்பதாகவும், எல்லோரும் எங்கே கிடைக்கும் என்று கேட்டுத் துளைப்பதாகவும் சொன்னார்.

"குடைக்காரியை எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டேன்.

அவருக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் கேமராவை மூடினார்.

"முதல் வாரம்," என்றார்.

"முழுசா முடிச்சீங்களா?"

"ரெண்டு தடவை."

அப்புறம் ஏன் தொடவில்லை என்று பொய் சொன்னீர்கள் என்றேன். அவர் எழுந்து நின்று முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். தட்டி முடிக்க அவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டியதில்லை.

"நல்லா இருக்குன்னு சொல்லியிருந்தா நீ விட்டிருக்க மாட்ட. என்னாலயும் மறுத்திருக்க முடியாது. தங்கச்சிக்கு ஜால்ரா போடறான்னு ஒருத்தன் சொல்லிட்டாப் போதும் பாப்பா, அப்புறம் நான் எழுதற எதையும் எவனும் நம்ப மாட்டான். இத்தனை வருஷம் சேத்து வச்சது அது ஒண்ணுதான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் என்னை இன்னும் எரியவைத்தது. அந்தக் காற்றுக் குதிரைக்கு அழுதவர், என் கேமை இரண்டு முறை விளையாடிவிட்டு, அது சாகிறவரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். செத்தபிறகு வந்து நல்லதாக நாலு வார்த்தை சொல்கிறார். அதை அவரிடமே சொன்னேன். ஒர்க்‌ஷாப் மெக்கானிக் ஸ்பானரோடு வேறு பக்கம் நகர்ந்து போனார்.

அண்ணன் எதையும் மறுக்கவில்லை. சமாதானம் சொல்கிற குரலில், அவர் நினைப்பில் எனக்குப் பெரிய நல்லது ஒன்றைச் சொன்னார். பாஸிடம் பேசிவிட்டாராம். யாருக்கு வேண்டுமானாலும் இலவசமாகக் கொடுங்கள், ஆட்சேபணை இல்லை என்று பாஸ் சொல்லிவிட்டாராம். ஆனால் பாஸிடம் காப்பி இல்லை.

"உன்கிட்ட இருக்கும்ல? குடைக்காரி நிக்கற பழைய வெர்ஷன். அதை அப்படியே என் பக்கத்துல போட்டுடலாம். இந்த ஞாயித்துக்கிழமையே எல்லாரும் விளையாடுவாங்க."

என்னிடம் இருக்கிறது. முதல் நாள் வெளியிட்ட வெர்ஷனை, ஆசைக்காக, ஒரு டிஸ்க்கில் தனியாக எடுத்துவைத்திருந்தேன்.

"ரெண்டு வருஷம் போகட்டும்ணா," என்றேன். "இப்பவே குடுத்தா, அண்ணன்கிறதாலதான் குடுத்தேன்னு நாலு பேர் சொல்லுவாங்க."

அவர் மறுபடி கேமராவைத் திறந்து அந்த வெள்ளைக் காரின் கதவை இன்னொரு படம் எடுத்தார். நான் பஸ் பிடித்து ஆபீசுக்குத் திரும்பி மிச்சமிருந்த அறுபது ஜோடியை முடித்தேன்.

அந்த வாரக் கடைசியில் ஊமைக்கோட்டான் போன் செய்தார். காப்பி இருக்கிறதா என்று ஒரே கேள்விதான், பிறகு வைத்துவிட்டார். சிநேகிதி நீளமாக எழுதியிருந்தாள். மகளுக்கு இரண்டு வயதாகிறதாம், மழைச் சத்தம் கேட்டால் ஓடிவந்து ஜன்னலில் ஒட்டிக்கொள்கிறாளாம், அம்மா பிடித்த மழையை அவளுக்கு ஒருமுறை போட்டுக்காட்ட வேண்டும் போலிருக்கிறதாம். தேடிப் பார்க்கிறேன் என்று இருவருக்கும் பதில் அனுப்பினேன். டிஸ்க் என் அலமாரியில், பழைய போர்வைகளுக்கு அடியில்தான் இருக்கிறது.