வெள்ளிக்கிழமைகளில் எனக்காக விழித்திருந்தவர்

கப்பலூரில் ஒரு சிறிய கம்பெனி வாசலில் எனக்குப் பகல் காவல். சட்டையில் செக்யூரிட்டி என்று தைத்திருந்தாலும் எல்லோருக்கும் நான் வாட்ச்மேன்தான். காலை எட்டு மணிக்கு நான் போய் நின்றால்தான் இரவுக் காவலர் வீட்டுக்குக் கிளம்ப முடியும். அவர் எழுமலைக்காரர், என்னைவிட இளையவர்.

என் மனைவி வெள்ளிக்கிழமைகளில் பூக்கட்டி விற்பாள். மாட்டுத்தாவணியில் பூ வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டு நான் வேலைக்குப் போய்ச் சேர ஒன்பதரை ஆகிவிடும். "மெதுவா வாங்கண்ணே, நான் நிக்கிறேன்" என்பார் அவர். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது சூப்பர்வைசர் வாசலில் கத்திக்கொண்டிருந்தார். இரவுக் காவலர் நாற்காலியில் தூங்கியதைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நீ ஏன்யா லேட்டு?" என்றார்.

"இன்னிக்கு ஒருநாள்தான் சார். பஸ் கெடைக்கல."

அவர் இரவுக் காவலர் பக்கம் திரும்பினார். "ஒருநாள் ஒன்றரை மணி நேரம் சேத்து நிக்க முடியாதா ஒனக்கு?"

இரவுக் காவலர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன். அன்றோடு அவருக்கு வேலை போயிற்று.

போன மாதம் கல்லூரியில் ஆங்கிலம் படிக்கும் மகளிடம், வாட்ச்மேன் என்றால் பார்த்துக்கொள்கிறவன்தானே என்று கேட்டேன். "இப்ப அப்படித்தான்ப்பா. ஆதியில அந்த வாட்ச்ங்கிற சொல்லுக்கு முழிச்சிருக்கிறதுன்னு அர்த்தம். தூக்கத்துலேருந்து எந்திரிக்கிறத வேக்னு சொல்றோம்ல, அதுவும் இதுவும் ஒரே வேர்" என்றாள். எனக்கு அந்த இரவுக் காவலரின் ஞாபகம் வந்தது. ராத்திரி முழுக்க விழித்திருந்தவர் என் நேரத்தில்தானே கண்ணயர்ந்தார்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் உள்ளதைச் சொன்னேன். "அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சு. இம்புட்டு நாள் கழிச்சு வந்து சொல்றியே" என்று போய்விட்டார்.

எழுமலையில் இருந்த இரவுக் காவலருக்குப் போன் செய்தேன். அவர் அங்கே கூலி வேலைக்குப் போகிறாராம்.

"இப்ப வெள்ளிக்கிழமை யாருண்ணே நிக்கிறா?"

"யாரும் இல்ல தம்பி. ஏழரைக்கே வந்துர்றேன். பூ வாங்க மக போறா."

"அட, அப்பயே அனுப்பியிருக்கலாம்லண்ணே!" என்று சிரித்தார்.